பட்டாசாலையில் ஒரு மந்தார நாள்

"மேடம், குடை கொண்டாந்திருக்கீங்களா?"

விருதுநகரில் இருந்து சிவகாசி போகும் பஸ்ஸில் கண்டக்டர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். 'எங்கே போகணும்' என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். வானம் முழுக்க ஒரே சாம்பல் நிறம். சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. மூன்று நாள்களாக வெதர் ஆப்பைத் திறந்து திறந்து பார்த்துக் காத்திருந்தது இந்த வானத்துக்காகத்தானே!

வாராவாரம் இந்தப் பகுதியில் மொபைலைத் தூக்கிக்கொண்டு ஏதாவது ஓர் ஊருக்குப் போய்வருகிறோம் அல்லவா? இந்த வாரத் திட்டம், மேகமூட்டமான ஒரு நாளில் கிராமத்துப் பழைய வீடுகளைக் கறுப்பு வெள்ளையில் படம் எடுப்பது. புரட்டாசி மாதம். தீபாவளிக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. டெஸ்க்கில் ஐடியாவைச் சொன்னதுமே எல்லோருக்கும் பிடித்துவிட்டது. "செம மூடா இருக்கும்!" என்றார் பக்கத்து சீட் நண்பர்.

பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்த பெரியவர் வானத்தைப் பார்த்து நாக்கைச் சப்புக்கொட்டினார். "மந்தாரம் போட்டுருச்சு. இன்னைக்குப் பொழப்பு கெட்டுச்சு" என்றார், யாரிடம் என்று இல்லாமல். அவர் சொன்னதன் அர்த்தம் எனக்குப் புரிய மதியம் ஆனது.

வெயில் காட்டாததை மேகம் காட்டும்

முதலில், ஏன் மேகமூட்டம்? இந்தப் பக்கத்து வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலை பத்து மணிக்கே கண் கூசும். அந்த நேரத்தில் ஓட்டு வீட்டைப் படம் எடுத்துப் பாருங்கள். தெருவும் கூரையும் பளீரென்று வெளுத்துப்போகும். கூரைக்குக் கீழே இருக்கும் திண்ணையோ மை பூசியது மாதிரி கறுத்துவிடும். பழைய வீட்டில் பார்க்க வேண்டிய அத்தனையும் அந்த நிழலுக்குள்தான் இருக்கின்றன. திண்ணை, கதவு, நிலை, மாடக்குழி என எதுவுமே படத்தில் வராது.

நம் கண் இருட்டையும் வெளிச்சத்தையும் மாறி மாறிப் பார்த்துச் சமாளித்துக்கொள்ளும். கேமராவால் அந்த அளவுக்கு முடியாது. மேகம் மூடிவிட்டால் வானமே ஒரு பெரிய விளக்கு மாதிரி ஆகிவிடுகிறது. வெளிச்சம் எல்லாப் பக்கத்தில் இருந்தும் மெதுவாக வந்து விழும். தெருவுக்கும் திண்ணைக்கும் உள்ள வித்தியாசம் குறையும். நிழலில் ஒளிந்திருந்த சுவரின் மேடு பள்ளம், சுண்ணாம்பு உரிந்த இடம், மரத்தின் ரேகை எல்லாம் மேலே வரும்.

சரி, ஏன் கறுப்பு வெள்ளை? கலரில் எடுத்தால் நம் கண் முதலில் போய் நிற்பது கொடியில் காயும் ரோஸ் கலர் துண்டிலும், வாசலில் கிடக்கும் பச்சை பிளாஸ்டிக் குடத்திலும்தான். அந்த நிறங்களை எடுத்துவிட்டால் வீட்டின் கட்டுமானம் தெரியும். எது மண் சுவர், எது செங்கல், எது பிற்பாடு சிமென்ட் பூசியது என்பதைப் படமே சொல்லிவிடும்.

மேகத்தை வரைந்த போட்டோகிராபர்

இன்று நாம் மேகத்துக்காகக் காத்திருக்கிறோம். ஒரு காலத்தில் மேகத்தைக் கையால் வரைந்து சேர்த்த போட்டோகிராபர் ஒருவர் நம் மதுரைக்கே வந்திருக்கிறார்.

அவர் பெயர் லின்னேயஸ் டிரைப். மெட்ராஸ் ராணுவத்தில் அதிகாரி. 1856-ல் மெட்ராஸ் மாகாண அரசின் போட்டோகிராபராக நியமிக்கப்பட்டார். ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், புதுக்கோட்டை, மதுரை என்று சுற்றி, 1858-ல் மீனாட்சி அம்மன் கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் படம் எடுத்தார். அவர் பயன்படுத்தியது பெரிய பெரிய காகித நெகட்டிவ்கள்.

அந்தக் காலத்து ரசாயனப் பூச்சுக்கு ஒரு குறை இருந்தது. நீல வெளிச்சத்தைத்தான் அது வேகமாகப் பிடிக்கும். சிவப்பு அதன் கண்ணுக்கே தெரியாது. அதனால் கட்டடம் சரியாக விழும்வரை காத்திருந்தால் வானம் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். டிரைப் என்ன செய்தார் தெரியுமா? மதுரைக்கு வருவதற்குமுன், 1855-ல் பர்மாவுக்குப் போய் எடுத்த நெகட்டிவ்கள் சிலவற்றில், தூரிகையால் வண்ணம் தீட்டி மேகங்களை உருவாக்கினார். இன்று ஆப்பில் 'ஸ்கை சேஞ்ச்' செய்கிறோமே, அதற்கு 170 வயது!

டிரைப் போன்றவர்கள் தேடிப் போனது கோயிலையும் அரண்மனையையும்தான். கூரை வீடு, ஓட்டு வீட்டை எல்லாம் தேடிப் போய் எடுக்க அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. இன்றும் கதை பெரிதாக மாறவில்லை. பக்கத்து சிவகங்கை மாவட்டத்துச் செட்டிநாட்டு வீடுகளை எடுக்க உலகமே வருகிறது. செட்டிநாட்டு ஊர்கள் 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் இடம்பிடித்தன. நம் விருதுநகர் மாவட்டத்திலும் பாதுகாக்கப்படும் வீடுகள் இருக்கின்றன. விருதுநகரில் காமராஜர் வளர்ந்த வீடு அரசு நினைவு இல்லம். திருச்சுழியில் 1879-ல் ரமண மகரிஷி பிறந்த வீடு 'சுந்தர மந்திரம்' என்ற பெயரில் இன்றும் இருக்கிறது. அந்த வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்கள் பெரிய மனிதர்கள் ஆனதால் வீடுகள் தப்பின. அதே காலத்தில், அதே மண்ணில், அதே கொத்தனார்களின் கை கட்டிய மற்ற வீடுகளை யார் நினைவில் வைப்பார்கள்?

இந்தக் கேள்வியோடுதான், சிவகாசிக்கும் சாத்தூருக்கும் நடுவே ஒரு சின்ன கிராமத்தில் இறங்கினேன். ஊர் பெயர் வேண்டாமே. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

கரிசல் மண்ணில் ஒரு வீடு

தெருவில் பத்து வீடுகள் இருந்தால் ஏழு காங்கிரீட் வீடுகள். மூன்றுதான் பழையவை. அதில் ஒன்றின் முன்னால் நின்றுவிட்டேன்.

அகலமான திண்ணை. அதன் விளிம்பு உட்கார்ந்து உட்கார்ந்து வழவழவென்று தேய்ந்திருந்தது. ஒன்றரை அடிக்குக் குறையாத கனத்தில் மண் சுவர். அதன் மேல் அடுக்கடுக்காகச் சுண்ணாம்பு. ஒவ்வொரு பொங்கலுக்கும் ஓர் அடுக்கு என்று வைத்தால், உரிந்த இடத்தில் பொங்கல்களை எண்ணிவிடலாம் போல. சுவரில் குறுக்காக ஓடிய விரிசல்களில் சுண்ணாம்பு அடைத்த தடம் தெரிந்தது.

அந்த விரிசலுக்குக் காரணம் வீடு கட்டியவர் இல்லை, மண். கரிசல் மண் மழைக்கு ஊதிப் பருக்கும். கோடைக்குச் சுருங்கிக் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். மண் அப்படி மூச்சு விடும்போதெல்லாம் மேலே இருக்கும் சுவரும் அசையும். வருடம் தவறாமல் விரிசலை அடைத்துக்கொண்டே இருந்தால்தான் வீடு நிற்கும்.

கூரையில் முன்பக்கம் தட்டையான சீமை ஓடு. பின்பக்கத் தாழ்வாரத்தில் அரைக் குழாய் மாதிரி வளைந்த நாட்டு ஓடு. இந்த இரண்டையும் வைத்தே வீட்டின் கதையை ஓரளவு ஊகிக்கலாம். நாட்டு ஓடு குயவர்கள் கையால் செய்தது. சீமை ஓடு இயந்திரத்தில் அச்சு வைத்து அழுத்துவது. பாசல் மிஷன் 1865-ல் மங்களூரில் ஆரம்பித்த ஓட்டுத் தொழிற்சாலையில் இருந்துதான் அது தென்னிந்தியா முழுக்கப் பரவியது. ஒரே வீட்டில் இரண்டும் இருந்தால், இடையில் எப்போதோ அந்தக் குடும்பத்துக்குக் கொஞ்சம் காசு வந்திருக்கிறது, முன்பக்கத்துக்கு மட்டும் வந்திருக்கிறது என்று அர்த்தம்.

போனை எடுத்து ஒரு படம்தான் எடுத்திருப்பேன்.

"யாரு தாயி அது? என்ன அளக்குற?"

உள்ளே இருந்து ஒரு பாட்டி வந்தார். எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். கேட்காமல் எடுத்தது என் தப்புதான். மன்னிப்புக் கேட்டுவிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"வீட்டப் படம் புடிக்கவா அம்புட்டுத் தூரத்துல இருந்து வந்த? வெளிய நிக்காத, பட்டாசாலைக்கு வந்து உக்காரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டுக்குள்ளேயே பட்டாசு ஆலையா! சட்டவிரோதம் ஆயிற்றே! கால் தானாகப் பின்னால் போனது. பாட்டியின் மருமகள் சிரித்துக்கொண்டே வந்து விளக்கிய பிறகுதான் உயிர் வந்தது. இந்தப் பக்கம் வீட்டின் முன் கூடத்துக்குப் பேர் பட்டாசாலை. 'பட்டகசாலை' என்ற பழைய சொல்தான் பேச்சில் அப்படி ஆகியிருக்கிறது. பட்டாசுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

"சிவகாசிப் பக்கம் வந்துட்டு பட்டாசாலைன்னா வேற என்ன நெனைப்பாங்க" என்றார் மருமகள். வீடே சிரித்தது.

"நல்ல வெளிச்சமா?"

பட்டாசாலையில் உட்கார்ந்து கடுங்காப்பி குடித்துக்கொண்டே, என் போனில் எடுத்த படத்தைக் காட்டினேன். பெருமையாக, "இன்னைக்கு வெளிச்சம் சூப்பரா இருக்குக்கா. இந்த மாதிரி வானம் கிடைக்கிறதே கஷ்டம்" என்றேன்.

மருமகள் படத்தைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோபம் எல்லாம் இல்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்.

"உங்களுக்கு நல்ல வெளிச்சம். எங்களுக்கு ஒரு நாள் கூலி போச்சு மேடம். வெயில் இருந்திருந்தா இந்நேரம் நான் ஏன் வீட்ல இருக்கேன்?"

பஸ்ஸில் அந்தப் பெரியவர் சொன்னது இப்போது புரிந்தது.

பட்டாசுத் தொழில் இந்த மண்ணுக்கு வந்து சேர்ந்த காரணங்களில் முக்கியமானது வெயில். 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்து சிவகாசியில் ஆரம்பித்தார்கள். மழை குறைவு, விவசாயம் கைகொடுக்காத பூமி, காய்ந்த காற்று. விவசாயத்துக்குச் சாபமாக இருந்த அதே வறட்சி, குச்சியையும் மருந்தையும் காயவைக்க வரமானது. தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசும், லேபிள் அச்சடிக்க அச்சகங்களும் வளர்ந்தன.

இன்றும் பட்டாசு வேலையில் பல கட்டங்கள் சூரியனை நம்பித்தான் நடக்கின்றன. மருந்தில் முக்கி எடுத்த கம்பி மத்தாப்பு காய வேண்டும். திரி காய வேண்டும். வானத்தில் போய்ப் பூப்பூவாய் வெடிக்கும் ஃபேன்ஸி ரகங்களுக்கான மணி மருந்து காய வேண்டும். நெருப்பு மூட்டிக் காயவைக்க முடியாத பொருள் ஆயிற்றே! வானம் மூடினால் காயப்போடுகிற வேலை நிற்கும். அது நின்றால் அதற்கு அடுத்த வேலையும் நிற்கும். இடி மின்னல் என்றால் மொத்தமாக வெளியே வந்துவிட வேண்டியதுதான். மின்னல் விழுந்தே விபத்து நடந்த ஆலைகள் உண்டு.

பீஸ் கணக்கில் கூலி வாங்குகிறவர்களுக்கு வேலை இல்லாத நாள், காசு இல்லாத நாள். அதுவும் தீபாவளிக்கு முந்தைய இந்த வாரங்கள்தான் வருடத்திலேயே முக்கியமான வாரங்கள். "இந்த ரெண்டு மாசம் ஓடுனாதான் மேடம், மிச்ச மாசம் நடக்கும்" என்றார் அவர்.

மூன்று நாள்களாக எந்த மேகத்துக்காக நான் ஏங்கினேனோ, அது வரக் கூடாது என்று இந்தத் தெருவே வேண்டிக்கொண்டிருந்திருக்கிறது. போனைத் திருப்பி மடியில் வைத்துவிட்டேன். கொஞ்ச நேரம் படம் எடுக்கவே தோன்றவில்லை.

"யாரு செத்துட்டா?"

பாட்டிதான் மறுபடி ஆரம்பித்தார். "எங்க, அந்தப் படத்த இங்க காட்டு."

காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"ஏன் தாயி கலரே இல்ல? கறுப்பு வெள்ளையில புடிச்சுருக்க... யாரு செத்துட்டா?"

எனக்குப் பதில் வரவில்லை. பாட்டி விரலை நீட்டிச் சுவரைக் காட்டினார். மாலை போட்ட ஒரு கறுப்பு வெள்ளைப் படம். தாத்தா. நம் வீடுகளை யோசித்துப் பாருங்கள். கல்யாணம், காதுகுத்து எல்லாம் கலரில் இருக்கும். சுவரில் கறுப்பு வெள்ளையில் தொங்குகிறவர்கள் பெரும்பாலும் போய்ச் சேர்ந்தவர்கள்தானே!

"எங்க வீடு இன்னும் உசுரோடதான் இருக்கு" என்றார் பாட்டி.

யோசித்துப் பார்த்தால், சிவகாசிப் பக்கம் வந்து கறுப்பு வெள்ளை பேசுவதே கொஞ்சம் வேடிக்கைதான். இந்த நாட்டின் சுவர்களுக்கெல்லாம் கலர் கொடுத்த ஊர் இது. கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜு வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் காலண்டராக அச்சாகி எத்தனை எத்தனை வீடுகளுக்குப் போயிருக்கின்றன! பாட்டி வீட்டுப் பட்டாசாலையிலும் வரிசையாக எட்டுக் காலண்டர்கள். வருடம் முடிந்தாலும் சாமி படத்தைக் கழற்ற மனசு வராதாம்.

ஆனால், அதே பாட்டி உள்ளே போய் ஒரு டிரங்குப் பெட்டியில் இருந்து இன்னொரு படத்தைக் கொண்டுவந்தார். அதுவும் கறுப்பு வெள்ளை. அவருடைய கல்யாணப் படம். வீட்டுக்குள் இருட்டாக இருக்கிறது என்று போட்டோகிராபர் இருவரையும் வெளியே கூட்டிவந்து இதே திண்ணையில் உட்காரவைத்து எடுத்தாராம். மாப்பிள்ளை மிரண்டுபோய் உட்கார்ந்திருக்கிறார். பெண் தரையைப் பார்க்கிறார்.

எனக்கு அவர்களுக்குப் பின்னால் இருந்த வீடுதான் கண்ணில் பட்டது. முன்பக்கமும் அப்போது நாட்டு ஓடுதான். திண்ணையில் இன்னும் விளிம்பு தேயவில்லை. இப்போது இருக்கும் ஜன்னல் அன்று இல்லை. இந்த வீட்டுக்கு வயது எவ்வளவு, எப்போது என்ன மாறியது என்பதற்கு இருக்கும் ஒரே சாட்சி அந்தப் படம்தான். வீட்டை எடுக்க வேண்டும் என்று நினைத்து யாரும் எடுக்கவில்லை. ஆட்களை எடுக்கும்போது வீடும் சேர்ந்து விழுந்துவிட்டது.

"என்ன கலர் சேலை பாட்டி?"

"அரக்கு. ஜரிகை வச்சது. படத்துல கறுப்பாத்தான் விழுந்துருக்கு." சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தார். "அன்னைக்கும் இதே மாதிரி மந்தாரந்தான். மழை வந்துரும்னு போட்டோக்காரன் பறந்தான்."

இடிக்கப்போகும் வீடு

மதியம் பாட்டியின் மகன் சாப்பிட வந்தார். சிவகாசி அச்சகம் ஒன்றில் வேலை. அவர் சொன்ன தகவலில் எனக்கு மனசு பகீரென்றது. தை பிறந்ததும் வீட்டை இடிக்கப்போகிறார்களாம். கடன் வாங்கித் தளம் போட்ட வீடு கட்டப்போகிறார்கள்.

'ஐயோ, இவ்வளவு அழகான வீட்டையா!' என்று வாய் வரை வந்துவிட்டது. சொல்வதற்கு முன்னால் பாட்டி முந்திக்கொண்டார்.

"ஒழுகாத வீட்ல ஒரு மழைக்காலமாச்சும் படுத்து எந்திரிக்கணும் தாயி. எம்புட்டு வருசமா சட்டிய வச்சுத் தண்ணி புடிக்கிறது?"

நாட்டு ஓட்டை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை பிரித்து அடுக்க வேண்டும். அந்த வேலை தெரிந்த ஆட்கள் குறைந்துவிட்டார்கள். கைமரத்தைக் கரையான் அரிக்கிறது. சுவருக்கு வருடாவருடம் விரிசல் அடைக்க வேண்டும். மழை பெய்தால் வேலையும் இல்லை, படுக்க இடமும் இல்லை என்றால் எப்படி? நான் அழகு என்று பார்த்த ஒவ்வொரு இடமும் அவர்களுக்கு ஒரு செலவு, ஒரு வேலை.

குடிசைகளை மாற்றிக் காங்கிரீட் வீடு கட்ட, 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் தமிழக அரசு 2024-25 முதல் ஒரு வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் தருகிறது. ஓட்டு வீட்டுக்காரர்கள் இந்தக் குடும்பம் மாதிரி சொந்தமாகக் கடன் வாங்கிக் கட்டுகிறார்கள். எப்படியோ, நாம் பிறந்தபோது இருந்த கிராமத்துத் தெரு இன்னும் கொஞ்ச வருடத்தில் இருக்காது. அதற்காக 'பழசைக் காப்பாற்றுங்கள்' என்று மாடி வீட்டில் இருக்கும் நான் போய் அவர்களிடம் சொல்வது நியாயம் இல்லை. என்னால் முடிந்தது ஒன்றுதான். இடிவதற்குள் ஒழுங்காக ஒரு பதிவு எடுத்துக் கொடுத்துவிடுவது.

"பாட்டி, ரெண்டு விதமா எடுக்கிறேன். உங்க எல்லாரையும் திண்ணையில வச்சுக் கலர்ல ஒண்ணு. வீட்ட மட்டும் கறுப்பு வெள்ளையில கொஞ்சம். ரெண்டையும் பிரின்ட் போட்டுக் கொண்டாந்து குடுக்கிறேன். சரியா?"

பாட்டி யோசித்தார். "இரு, சேலைய மாத்திட்டு வாரேன்."

அரக்குக் கலரில்தான் கட்டிக்கொண்டு வந்தார்.

நீங்களும் எடுக்கலாம்

உங்கள் ஊரிலும் ஒரு தாத்தா வீடு இருக்கும். தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது வானம் மூடியிருந்தால், கையில் போன் இருந்தால் போதும். அன்று நான் செய்ததையே சொல்கிறேன்.

முதலில் லென்ஸைத் துணியால் துடையுங்கள். பாதிப் படம் மங்கலாக வருவது விரல் பிசுக்கால்தான்.

கேமரா செட்டிங்கில் கிரிட் கோடுகளை ஆன் செய்யுங்கள். போனை நெஞ்சு உயரத்தில், சாய்க்காமல் நேராகப் பிடியுங்கள். மேல்நோக்கிச் சாய்த்தால் சுவர் பின்னால் விழுகிற மாதிரி தெரியும். கூரை முழுதாக வரவில்லை என்றால் சாய்ப்பதற்குப் பதில் நான்கு அடி பின்னால் போங்கள்.

ஸ்கிரீனில் சுவரின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் ஃபோக்கஸ் லாக் ஆகும். வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். வெள்ளைச் சுண்ணாம்பு வெளுத்துப்போகாமல் இருக்கும்.

எடுக்கும்போதே கறுப்பு வெள்ளை ஃபில்டர் போடாதீர்கள். கலரில் எடுத்துப் பிறகு மாற்றுங்கள். ஸ்னாப்சீட் ஆப்பின் கறுப்பு வெள்ளைப் பகுதியில் கலர் ஃபில்டர் இருக்கும். சிவப்பைத் தேர்ந்தெடுத்தால் ஓடும் செம்மண்ணும் வெளுக்கும், வேப்ப மர இலை கறுக்கும். பச்சையைத் தேர்ந்தெடுத்தால் நேர் எதிர். ஒரே படத்தை இரண்டு விதமாகப் பாருங்கள், உங்களுக்கே பிடிபடும்.

வானத்தில் மேகம் திரள் திரளாக இருந்தால் அதற்கு இடம் கொடுங்கள். வெறும் வெள்ளையாக இருந்தால் வானத்தைக் குறைத்து, தரையையும் திண்ணையையும் கூட்டுங்கள். லேசாகத் தூறி நின்றதும் எடுப்பது இன்னும் நல்லது. நனைந்த மண் சுவர் கறுத்து, அதன் ஒவ்வொரு கீறலும் எடுப்பாகத் தெரியும்.

முழு வீட்டோடு நிறுத்தாதீர்கள். நாதாங்கி, மாடக்குழியில் படிந்த எண்ணெய்க் கறுப்பு, நிலையில் குழந்தைகள் உயரம் குறித்த கோடு, அம்மி இருந்த இடம், கூரையின் உள்பக்கத்து உத்திரம், கைமரம் எல்லாவற்றையும் தனித்தனியாக எடுங்கள். வீடு போனபிறகு அதிகம் தேடப்போவது இவற்றைத்தான்.

படத்தோடு ஒரு நோட்டும் போடுங்கள். யார் கட்டியது, எந்த வருடம், எந்த அறையில் யார் பிறந்தார்கள், எப்போது ஓடு மாற்றினார்கள்... பெரியவர்களிடம் கேட்டுப் போனில் பேச்சாகவே பதிவு செய்துகொள்ளுங்கள். படத்தில் விழாததெல்லாம் அவர்கள் வாயில்தான் இருக்கிறது. அரக்குச் சேலை மாதிரி.

அடுத்தவர் வீடு என்றால் கேட்காமல் எடுக்காதீர்கள். (நான் செய்ததைச் செய்யாதீர்கள்!) பூட்டிக் கிடக்கும் வீட்டின் படத்தை ஊர் பெயர், லொகேஷனோடு சோஷியல் மீடியாவில் போடாதீர்கள். ஆள் இல்லாத வீட்டின் மரக் கதவுக்கும் தூணுக்கும் கண் வைத்துக்கொண்டு அலைகிறவர்கள் இருக்கிறார்கள். நான் இந்த ஊரின் பெயரைச் சொல்லாததற்கும் காரணம் அதுதான்.

இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு மட்டும் ஒன்று. வீடு எடுக்கிறேன் என்று பட்டாசு ஆலை வளாகத்துக்குள் போனை எடுத்துக்கொண்டு நுழைந்துவிடாதீர்கள். தீப்பெட்டி, பீடி மாதிரியே செல்போனுக்கும் அங்கே இடம் இல்லை.

ஆணியில் இரண்டு படங்கள்

பத்து நாள் கழித்து பிரின்ட்களோடு மறுபடி போனேன். அன்று சுள்ளென்று வெயில். மருமகள் வீட்டில் இல்லை, வேலைக்குப் போயிருந்தார். சந்தோஷமாக இருந்தது.

கலர் படத்தைப் பார்த்ததும் பாட்டிக்கு முகமெல்லாம் சிரிப்பு. பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். "புது வீடு கட்டுனதும் பட்டாசாலையில இதத்தான் மாட்டணும்" என்று பேரனிடம் உத்தரவு போட்டார்.

பிறகு வீட்டின் கறுப்பு வெள்ளைப் படத்தைக் கையில் வாங்கினார். திண்ணை, கதவு, இரண்டு விதமான ஓடு, மேலே மழைக்குத் தயாராக இருந்த வானம். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிடிக்கவில்லையோ என்று எனக்குப் பயம்.

"ஏய், இங்க வா" என்று பேரனைக் கூப்பிட்டார். "அந்த ஆணியில உங்க தாத்தா படத்துக்குப் பக்கத்துல இத மாட்டு."

"பாட்டி, வீடு இன்னும் உசுரோடதான் இருக்குன்னு சொன்னீங்களே?" என்றேன்.

"தை வரைக்கும் இருக்கும்ல" என்றார். "அதுக்கப்புறம் அவருக்குத் துணைக்கு இருக்கட்டும்."

கிளம்பும்போது வாசலில் நின்று வானத்தைப் பார்த்தேன். ஒரு துளி மேகம் இல்லை. படம் எடுக்க லாயக்கே இல்லாத வெயில். தெருவில் முக்கால்வாசி வீடுகள் பூட்டியிருந்தன. எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள்.

உங்கள் தாத்தா, பாட்டி வீடு இன்னும் நிற்கிறதா? இந்தத் தீபாவளிக்கு ஊருக்குப் போனால் பட்டாசாலையில் உட்கார்ந்து அவர்களிடம் அந்த வீட்டின் கதையைக் கேளுங்கள். முதலில் கதை, பிறகு படம்.

அடுத்த வாரம் வேறோர் ஊரில் சந்திப்போம்!